எட்டாம் மாடியின் முறை

நல்லான்குட்டைத் திட்டப் பகுதியில், நாற்பத்தொன்றாம் பிளாக்கின் கீழ்த்தளம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தே காலுக்குத் தன் இடத்தைவிட்டு எழுந்து, மற்ற எட்டு மாடிகளும் ஒவ்வொரு படி கீழே இறங்கி வழிவிட, மேலே போய் எட்டாவது மாடியாக உட்கார்ந்துகொண்டது. சத்தம் கிடையாது, ஆட்டம் கிடையாது. அடுப்பில் இருந்த பால் பொங்கவில்லை, கயிற்றில் காய்ந்த துணி அசையவில்லை, தூளியில் கிடந்த குழந்தைகூட முழித்துக்கொள்ளவில்லை. தண்ணீர்த் தொட்டியடியில் குடத்தோடு நின்ற நாங்கள் நாற்பது பேரும் அதைப் பார்த்தோம். பார்த்துவிட்டு, யாருடைய குடம் முதலில் என்று சண்டையைத் தொடர்ந்தோம், ஏனென்றால் மோட்டார் அரைமணி நேரம்தான் ஓடும், அதிசயத்தை அப்புறமாகவும் பார்த்துக்கொள்ளலாம்.

இது எப்படி நடந்தது என்று கேட்டால் எங்களிடம் இருப்பது ஒரே பதில்: கட்டடம் எங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், நகரத்தின் நடுவில் ஆற்றோரம் பாலத்தடியில் குடியிருந்த எங்களை லாரியில் ஏற்றி, முப்பது கிலோமீட்டர் தள்ளி, குட்டையைத் தூர்த்துக் கட்டிய தொண்ணூற்றிரண்டு பிளாக்குகளில் அரசாங்கத்தின் வீட்டு வாரியம் கொண்டுவந்து கொட்டியபோது, நாங்கள் கையோடு கொண்டுவந்த ஒரே சொத்து வரிசைதான். தண்ணீர் லாரிக்கு வரிசை போட்டே வளர்ந்த ஜனம். குடம் வைத்தால் இடம், குடம் இல்லையென்றால் செங்கல், செங்கல்லும் இல்லையென்றால் ஒற்றைச் செருப்பு, அதைத் தாண்டி ஒருவனும் போகமாட்டான். தண்ணீர் பிடித்து முடித்தவர் குடத்தைத் தூக்கும்போது 'அடுத்தது!' என்று தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டும், கத்தாமல் நழுவுகிறவனுக்கு எங்களில் ஒருத்தரும் பெண் கொடுக்கமாட்டோம். புதுவீட்டில் குழாய் இருந்தது, ஆனால் தண்ணீர் மாடி ஏறவில்லை. ஆகவே பதினோரு வருஷமாக தினமும் விடியற்காலையில் அந்தக் கத்தலைக் கேட்டுக்கொண்டே நின்ற நாற்பத்தொன்றாம் பிளாக்குக்கும் அது பழகிவிட்டது. இதற்குமேல் காரணம் கேட்பவர்கள் என்ஜினீயர்களாக இருப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கத்தியவன் கன்னியப்பன். கீழ்த்தளத்தில் மூன்றாம் எண் வீடு, ஜன்னல் கம்பியை அறுத்து அதன் வழியாக முட்டைக் கடை நடத்தியவன். அவன் மட்டுமல்ல, கீழ்த்தளத்துப் பன்னிரண்டு வீடுகளிலும் ஜன்னலுக்கு ஒரு கடை இருந்தது: இட்லி மாவு, பஞ்சர், பூ, ரீசார்ஜ், ஜாக்கெட் தையல். திட்டப் பகுதி வரைபடத்தில் எங்களுக்கென்று ஒரு கடைத்தெரு பச்சைக் கலரில் வரையப்பட்டிருந்தது, பதினோரு வருஷமும் அது வரைபடத்தை விட்டு வெளியே வரவே இல்லை. பிறகு ஒருநாள் அந்தப் பச்சை இடத்தில் கண்ணாடியும் ஏசியுமாக ஏழ்கடல் மார்ட் எழுந்தது. வாரியமும் கம்பெனியும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில், பகுதிக்குள் வேறு கடை இருக்கக் கூடாது என்று ஒரு வரி. அந்த வரிக்காக ஒரு சனிக்கிழமை உதவிப் பொறியாளர் வந்து பன்னிரண்டு ஜன்னல்களுக்கும் பலகை அடித்து அரக்கு சீல் வைத்துவிட்டுப் போனார். பொய் சொல்ல மாட்டேன், நாங்களும் மார்ட்டுக்குப் போனோம், ஏசியில் நின்றோம், தள்ளுவண்டியில் பிள்ளைகளை உட்காரவைத்துத் தள்ளினோம். ஆனால் அங்கே விற்கலாம் என்று யாரும் எங்களைக் கூப்பிடவில்லை, வாங்கத்தான் கூப்பிட்டார்கள். மறுநாள் விடியற்காலை குடத்தைத் தூக்கிய கன்னியப்பன், முந்தைய நாள் கோபத்தையெல்லாம் சேர்த்து வைத்து, நரம்பு புடைக்க 'அடுத்தது!' என்று கத்தினான். கட்டடம் அதைத் தன்னிடம் சொன்னதாக எடுத்துக்கொண்டது.

கன்னியப்பனின் வீடு மேலே போனது. முதல் மாடி தரைக்கு வந்தது, அதன் பன்னிரண்டு ஜன்னல்களிலும் சீல் இல்லை.

இதைப் பார்த்து முதலில் விரல் விட்டு எண்ணியவள் தேசராணி. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது, பாலத்தடியில் மீன் மார்க்கெட் வாசலில் இருபத்தாறு வருஷம் கருவாடு விற்றவள். வீடு ஒதுக்கிய குலுக்கலில் அவளுக்கு விழுந்தது எட்டாவது மாடி, ஐந்தாம் எண். லிஃப்ட், திறப்பு விழா அன்று ஒரு பெரிய மனிதரை ஏற்றி இறக்கியதோடு சரி, அந்தப் பெருமை போதும் என்று நின்றுவிட்டது. கூடையோடு பஸ் ஏறினால் நாற்றம் என்று கண்டக்டர் இறக்கிவிட்டார். மேலிருந்து கயிற்றில் வாளி கட்டி இறக்கி விற்றுப் பார்த்தாள். கீரை அப்படி விற்கலாம், கருவாடு விற்க முடியாது. கருவாட்டை மோந்து பார்க்காமல், வாலை ஒடித்துப் பார்க்காமல், இன்னா உப்பு இது என்று விற்கிறவளின் முகத்துக்கு நேராகக் கேட்காமல் வாங்குகிறவர் எங்களில் இல்லை. ஏழ்கடல் மார்ட்டிலும் கருவாடு உண்டு, பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் அடைத்தது, அதை மோந்தால் பிளாஸ்டிக்தான் மணக்கும். தேசராணி பதினோரு வருஷமாக வீட்டுவேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள், ஒவ்வொரு நாளும் எட்டு மாடி இறங்கி எட்டு மாடி ஏறினாள், அவள் கேட்டதெல்லாம் தரையில் நான்கடி இடம்.

"இப்ப மொத மாடி," என்றாள் அவள், குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலேயே. "அப்புறம் ரெண்டு, மூணு, நாலு... எனக்கு எட்டாவது. வாரத்துக்கு ஒரு மாடின்னு வச்சிக்கினா எட்டாவது வாரம் நான் கீழ வந்துருவேன்ல?"

"வாரத்துக்கு ஒண்ணுன்னு யார்க்கா சொன்னது?" என்று யாரோ கேட்டார்கள்.

"நான் சொல்றேன். ஞாயித்திக்கெழம காலையில, மோட்டார் போடுற நேரத்துல, கீழ இருக்குறவங்கள்ல ஒருத்தர் கூப்பிடணும். ஒரு நாள் முன்னாடியும் கெடையாது, ஒரு நாள் பின்னாடியும் கெடையாது. மத்த நாள்ல கீழ இருக்குறவங்க கத்தாம, கையத் தட்டிட்டு கொடத்த தூக்கணும்."

அது அப்படியே சட்டமாகிவிட்டது. எங்களுக்குச் சட்டசபை தண்ணீர்த் தொட்டியடிதான், தீர்மானம் நிறைவேற ஒரு குடம் நிரம்பும் நேரம் போதும்.

திங்கட்கிழமை உதவிப் பொறியாளர் சீல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தார். கீழே பன்னிரண்டு ஜன்னல்களும் திறந்து கிடந்தன, முதல் மாடிக்காரர்கள் புதுக்கடை போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள்.

"சீலை எவன்டா உடைச்சது?" என்றார்.

"யாரும் ஒடைக்கல சார்," என்று கன்னியப்பன் கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னான். "நீங்க வச்ச சீலு அப்புடியே பத்திரமா இருக்குது. எட்டாவது மாடியில. போய்ப் பாத்துக்கங்க."

"லிஃப்ட் வேலை செய்யுதா?"

"அத்த நீங்கதான் சார் சொல்லணும்."

அவர் மேலே ஏறி, மூச்சு வாங்கி, சீல்களைத் தடவிப் பார்த்து, 'சீல் சேதமின்றி உள்ளது' என்று எழுதிக்கொண்டு போனார். அடுத்த சனிக்கிழமை மறுபடி பன்னிரண்டு ஜன்னல்களுக்குச் சீல் வைத்தார், ஞாயிற்றுக்கிழமை அவையும் மேலே போயின. இப்படி நான்கு வாரம் சீல் வைத்ததில் வாரியத்தின் கையிருப்பில் அரக்கு தீர்ந்துவிட்டது.

அந்த வாரங்களில் நாங்கள் அதிசயத்துக்குப் பழகிய விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டடம் நகர்ந்ததைவிட அதுதான் சிரமமாக இருந்தது. தபால்காரர் முதல் வாரம் குழம்பி, இரண்டாம் வாரம் திட்டி, மூன்றாம் வாரம் தன் காலண்டரில் ஞாயிறுதோறும் அம்புக்குறி போட்டுக்கொண்டார். கேஸ் சிலிண்டர் தூக்குகிறவர்கள், வீடு தரைக்கு வருகிற வாரம் பார்த்து சிலிண்டர் பதிவுசெய்யச் சொல்லிக் கும்பிட்டார்கள். குடித்துவிட்டு வருகிற ஆண்கள் பழைய மாடி நினைப்பில் ஏறி வேறு வீட்டுக் கதவைத் தட்டி அடி வாங்கியதில் இரண்டு பேர் குடியையே விட்டார்கள், அவர்களுடைய மனைவிகள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கட்டடத்துக்குக் கற்பூரம் காட்டினார்கள். பதினோரு வருஷமாகத் தரையில் சாக்கடை நாற்றத்தில் இருந்த கீழ்த்தளத்துக்காரர்கள் மேலிருந்து, தூரத்தில் கடலை ஒரு கோடாகப் பார்த்துவிட்டு, 'இவ்ளோ காலமா நீங்க மட்டும் பாத்துகினு இருந்தீங்களா' என்று எங்களிடம் கோபித்துக்கொண்டார்கள். நான் மூன்றாம் மாடி, மிக்சி ரிப்பேர் செய்கிறவன். எங்கள் வாரத்தில் ஜன்னலில் ஒரு பழைய மிக்சியைத் தொங்கவிட்டு உட்கார்ந்தேன், வருஷம் முழுக்க வராத மிக்சியெல்லாம் அந்த ஏழு நாளில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இன்னும் ஒரு வாரம் இருந்தால் என்ன என்று எனக்கும் தோன்றத்தான் செய்தது. தொட்டியடியில் தேசராணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கூப்பிட்டேன்.

ஐந்தாம் வாரத்தில் மரியானா என்று ஒரு ஆராய்ச்சிக்கார அம்மாள், வெளிநாட்டில் புக்காரெஸ்ட் என்ற ஊரிலிருந்து, தமிழ் தெரிந்த ஒரு மாணவியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் ஊரிலும் இதேபோல் பழைய அரசாங்கம் கட்டிய பெட்டி பெட்டியான கட்டடங்கள் மைல் கணக்கில் நிற்கின்றனவாம், அந்த அரசாங்கம் போனதும் கீழ்த்தளத்துக்காரர்கள் ஜன்னலை இடித்துக் கதவாக்கி, ரொட்டியும் பூவும் சாக்ஸும் விற்றார்களாம், பிறகு பெரிய கடை ஒன்று வந்து எல்லாவற்றையும் மூடவைத்ததாம். கட்டடம் நகர்ந்ததைத் தன் கண்ணால் பார்த்த அன்று அவள் நோட்டுப் புத்தகத்தை மூடிப் பைக்குள் போட்டாள். பிறகு, "நாங்களும் ரொட்டிக்கு நாற்பது வருஷம் வரிசையில் நின்றோம், எங்கள் கட்டடங்கள் ஒன்றுமே கற்றுக்கொள்ளவில்லை," என்றாள். தேசராணி அவள் கையைப் பிடித்து, "நீங்க சத்தமா கூப்ட்டு இருக்கமாட்டீங்க," என்று ஆறுதல் சொன்னாள்.

தேசராணியின் வீடு வாரத்துக்கு ஒரு மாடி இறங்கி வந்தது. ஏழாவது, ஆறாவது, ஐந்தாவது. ஒவ்வொரு மாடி இறங்கும்போதும் அவளுடைய கால்வலி ஒரு பங்கு குறைந்தது, குரல் ஒரு பங்கு ஏறியது. அவள் வீட்டுவேலையை விட்டாள். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் நெத்திலி, வாளை, காரப்பொடிக் குட்டிமீன், சுறா என்று கருவாட்டை மூட்டை மூட்டையாக வாங்கி வந்து வீட்டுக்குள் அடுக்கினாள், படுக்க இடமில்லாமல் மூட்டைமேலேயே படுத்தாள். ஏழாம் வாரம் அவள் முதல் மாடியில் இருந்தாள், கையை நீட்டினால் தரையில் நிற்பவர் தலையைத் தொடலாம் போல இருந்தது.

அந்த வாரம் தரையில் இருந்தது ஏழாம் மாடி. ஏழாம் மாடி ஆட்களுக்குப் பெரியவன் போல இருந்தவன் ஆட்டோ ஓட்டுகிற லோகு. ஏழ்கடல் மார்ட்டின் மேனேஜர் சிவராமன் அவனைத்தான் வந்து பார்த்தார். மார்ட்டில் கூட்டம் பாதியாகக் குறைந்திருந்தது, தலைமை அலுவலகத்திலிருந்து தினமும் போன் வந்துகொண்டிருந்தது. மனுஷர் கெட்டவர் இல்லை, கழுத்தில் தொங்கிய அட்டைக்கு ஏற்றபடி பேசுகிறவர். நான்கு முதல் ஏழு எண் வரை உள்ள வீடுகளின் முன்னறைகளைக் கம்பெனி வாடகைக்கு எடுத்துச் சுவரை இடித்துச் சின்னதாக ஒரு மார்ட் வைக்கும் என்றார். ஏழாம் மாடி முழுக்க வாடகையில் பங்கு உண்டு. ஒரே ஒரு நிபந்தனை: அந்த மாடியில் யாரும் 'அடுத்தது' என்று சொல்லக் கூடாது. வாய் தவறிக்கூட வந்துவிடக் கூடாது என்பதற்காக, தொட்டியடிக்கே போக வேண்டாம் என்று வீட்டுக்கு வீடு தண்ணீர் கேன் இறக்கினார்கள். லோகுவின் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். அவன் கையெழுத்துப் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மோட்டார் ஓடி நின்றது. ஏழாம் மாடியின் குடம் ஒன்றுகூட வரிசையில் இல்லை, கட்டடம் நகரவில்லை.

தேசராணி முதல் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தாள்.

"லோகு! டேய் லோகு! வெளிய வாடா!"

அவன் வாசலுக்கு வந்து தலை குனிந்து நின்றான்.

"பொண்ணு கல்யாணம்க்கா," என்றான்.

"ஏழு வாரம், ஏழு மாடி ஜனம், ஒருத்தர் தவறாம கூப்ட்டுட்டு மேல போனாங்கடா. அவங்க ஊட்டுல எல்லாம் பொண்ணு இல்லியா? நீ ஒன் எடத்த வித்துட்ட, சரி, அது ஒன் பாடு. என் எடத்த விக்க ஒனக்கு யார்ரா உரிம குடுத்தா?"

அவன் உள்ளே போய்விட்டான். அன்று முழுவதும் மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்கள் சுவரோரமாக ஒதுங்கிப் போனோம். எங்களுக்கு வெட்கமாக இருந்தது, எங்களில் யாராவது அந்த இடத்தில் இருந்திருந்தால் கையெழுத்துப் போடாமல் இருந்திருப்போமா என்று நிச்சயமாகத் தெரியாத வெட்கம். தேசராணி அன்று அழுதாள். மூட்டைமேல் உட்கார்ந்து, கதவைத் திறந்துபோட்டுக்கொண்டே, எல்லாருக்கும் கேட்கும்படி அழுதாள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குச் சின்ன மார்ட் திறப்பு விழா. பலூன் கட்டினார்கள், குத்துவிளக்கு ஏற்றினார்கள், மேனேஜர் ரிப்பன் வெட்டினார், முதல் ஐம்பது பேருக்கு அரைக்கிலோ சர்க்கரை இலவசம் என்றதால் ஐம்பது பேர் உள்ளே வந்து நின்றார்கள். பில் போட உட்கார்ந்தவள் பிரிசில்லா, பதினேழாம் பிளாக்குப் பெண், கம்பெனிப் பயிற்சியில் முதல் மார்க் வாங்கியவள். கம்பெனி விதிப்புத்தகத்தில் பில் போடுகிறவர்களுக்கென்று எழுதியிருப்பது இது: சிரிக்க வேண்டும், நன்றி சொல்ல வேண்டும், அடுத்த வாடிக்கையாளரைத் தெளிவான குரலில் அழைக்க வேண்டும். ஏழாம் மாடியின் நாற்பத்தாறு பேர் வாயையும் கட்டிப்போட்ட கம்பெனிக்குத் தன் புத்தகத்தில் இருந்த அந்த ஒரு வரி ஞாபகத்துக்கு வரவில்லை. பிரிசில்லா முதல் ஆளுக்குப் பில்லைக் கொடுத்தாள், சிரித்தாள், நன்றி சொன்னாள்.

"அடுத்தவங்க வாங்க!" என்றாள், தெளிவான குரலில்.

ஏசி, ஃப்ரீசர், தள்ளுவண்டி, பலூன், குத்துவிளக்கு, கையில் கத்தரிக்கோலோடு மேனேஜர், சர்க்கரைக்கு நின்ற ஐம்பது பேர் எல்லாருமாக எட்டாவது மாடிக்குப் போனார்கள். தேசராணியின் வாசல் தரையில் வந்து நின்றது.

அவள் எழுந்து முகம் கழுவி, வாசலில் சாக்கை விரித்து, நெத்திலியை ஒரு குவியல், காரப்பொடியை ஒரு குவியல் என்று போட்டாள். வாளைக் கருவாட்டைக் கதவு நிலையில் தொங்கவிட்டாள். காற்று எங்கள் பக்கம் திரும்பியதும் தொண்ணூற்றிரண்டு பிளாக்கிலும் ஜன்னல்கள் திறந்தன.

மேனேஜர் எட்டு மாடி நடந்து இறங்கி வந்து சேரும்போது உதவிப் பொறியாளரும் ஜீப்பில் வந்துவிட்டார்.

"அம்மா, நடந்தது நடந்துபோச்சு," என்றார் மேனேஜர், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. "நீ ஒரு தடவை கூப்பிட்டுடு. அப்புறம் மாடிக்கு ஒருத்தர் கூப்பிட்டா மொத்தம் எட்டு தடவை, அரைமணி நேர வேலை, எங்க கடை கீழ வந்துடும். அதுக்குப் பதிலா, எங்க பெரிய மார்ட் கேட்டுக்குப் பக்கத்துலயே டைல்ஸ் போட்டு, லைட் போட்டு, லைசென்ஸோட உனக்கு ஒரு கடை. மாடியே ஏற வேண்டாம்."

"எத்தினி நாளைக்கி?"

"உசுரு இருக்கற வரைக்கும்."

அவள் கையில் இருந்த சுறாத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தலையை ஆட்டியிருந்தால் நாங்கள் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டோம், சத்தியமாக. பதினோரு வருஷம் கேட்ட நான்கடி இடம், டைல்ஸோடு, முன்னால் வந்து நிற்கிறது.

"சார், எனக்கு முன்னாடி ஏழு மாடி நின்னுது. எனக்குப் பின்னாடி கன்னியப்பன் மாடி நிக்கிது. நடுவுல நான் மட்டும் ஒன் கேட்டாண்ட போயி குந்திக்கினா, இந்த ஜனம் எந்த மூஞ்சிய வச்சிகினு என் கருவாட்ட மோந்து பாக்கும்? இல்ல, நான்தான் எந்த மூஞ்சிய வச்சிகினு விப்பேன்? இன்னிக்கி புதங்கெழம, அடுத்த புதங்கெழம வரைக்கும் ஏழு நாளு என்னுது. நான் விப்பேன். ஒன்னுது வர்றப்ப நீ வந்து வித்துக்க."

"இந்தாம்மா," என்று பொறியாளர் முன்னால் வந்தார், "ஒதுக்கீட்டு ஆணையையே ரத்து பண்ணிடுவேன். கடையும் இருக்காது, வீடும் இருக்காது, தெரியுமில்ல?"

"பண்ணு சார். எந்த மாடின்னு எழுதுவ?"

அதற்குள் ஜனம் கூடிவிட்டது. கூட்டமாக இல்லை, வரிசையாக. நாற்பத்தொன்றாம் பிளாக் வாசலில் ஆரம்பித்து, பெரிய மார்ட்டின் கண்ணாடிக் கதவைக் கடந்து, பதினேழாம் பிளாக்கைச் சுற்றி, கடைசி ஆள் எங்கே என்று யாருக்கும் தெரியாத வரிசை. பொறியாளர் பியூனை அரக்கு வாங்கிவர அனுப்பி, அது வந்ததும் தேசராணியின் கதவை நோக்கி நடந்தார். முன்னால் நின்ற பூக்காரம்மா கையை நீட்டி மறித்தாள்.

"வரிசையில வா சார்."

"நான் வாங்க வரல, சீல் வைக்க வந்திருக்கேன்."

"இன்னாத்துக்கு வந்தா இன்னா? வரிசைன்னா எல்லாத்துக்கும் வரிசைதான்."

அவர் கத்திப் பார்த்தார், போலீஸைக் கூப்பிட்டார், வந்த இரண்டு போலீஸ்காரர்களும் மோப்பம் பிடித்து வரிசையின் கடைசிக்குப் போய்விட்டார்கள். வேறு வழியில்லாமல் அவரும் போய் நின்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் முறை வந்தபோது தேசராணி இன்னா வேணும் சார் என்று கேட்டாள். இரண்டு நாளாக அந்த வாசனையில் நின்றவருக்கு அரக்கு ஞாபகம் இல்லை. கால் கிலோ நெத்திலி என்றார். மோந்து பார்த்துத்தான் வாங்கினார்.

ஆனால் அலுவலகம் அவரைப்போல் இளகவில்லை, சனிக்கிழமை ரத்து ஆணை அனுப்பிவிட்டது. பிளாக் நாற்பத்தொன்று, எட்டாவது மாடி, எண் ஐந்து. கொண்டுவந்தவர்கள் ஃபைலில் உள்ளபடி நடக்கிறவர்கள். எட்டு மாடி ஏறினார்கள், ஐந்தாம் எண் வாசலைத் தேடினார்கள், அது சின்ன மார்ட்டின் கண்ணாடிக் கதவாக இருந்தது. ஆணையை அதில் ஒட்டி, சங்கிலி சுற்றி, பூட்டு போட்டுச் சீல் வைத்தார்கள். மேனேஜர் இது எங்க கடை, நாங்கதான் உங்ககிட்ட ஒப்பந்தம் போட்டவங்க என்று கதறினார். ஃபைலில் எட்டாவது மாடி என்றுதான் இருக்கிறது, ஆட்சேபணை இருந்தால் மேல்முறையீடு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, 'நடவடிக்கை முடிந்தது' என்று எழுதி ஃபைலைக் கட்டிவிட்டார்கள். கட்டிய ஃபைலை வாரியம் திரும்ப அவிழ்த்ததாகச் சரித்திரம் இல்லை.

ஏழாம் நாள், செவ்வாய்க்கிழமை, வரிசையின் கடைசியில் லோகு நின்றான். அவன் முறை வந்ததும் தேசராணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு காரப்பொடியைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கையில் திணித்தாள்.

"கல்யாணத்துக்கு என்னக் கூப்டாம வுட்டுராத," என்றாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

புதன்கிழமை விடியற்காலை தொட்டியடியில் எல்லாரும் கூடினோம். தேசராணியின் வீட்டில் இன்னும் ஆறு மூட்டை மிச்சம் இருந்தது. விற்பனை என்றால் அப்படியொரு விற்பனை, பாலத்தடியில்கூட அவள் பார்த்ததில்லை. கன்னியப்பன்தான் பேச்சை எடுத்தான், அடுத்தது அவனுடைய மாடி.

"யக்கா, நீ இரு. மூட்ட தீர்ற வரைக்கும் இரு. எங்க மாடியில எல்லாரும் பேசிட்டோம். பதினோரு வருஷம் நாங்க கீழயே இருந்தோம், இன்னும் ஒரு வாரம் மேல இருந்தா கொறஞ்சா பூடுவோம்?"

அவன் மனதாரத்தான் சொன்னான். நாங்களும் ஆமாம் ஆமாம் என்றோம். அவளுடைய குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, அவள் அதைத் தூக்கவில்லை. திரும்பித் தன் வாசலைப் பார்த்தாள். சாக்கு விரித்த இடம் மட்டும் மீன் செதிலால் வெள்ளையாகப் பளபளத்தது. இந்த ஒரு நிமிஷம்தான் எனக்கு உண்மையில் பயமாக இருந்தது. வாரியத்துக்கும் கம்பெனிக்கும் வளையாதவள், எங்கள் அன்புக்கு வளைந்துவிடுவாளோ என்று.

"கம்பெனிக்காரன் சொல்றான்னு ஒரு நாளு முன்னாடி கூப்புடல," என்றாள் அவள் மெதுவாக. "நீங்க சொல்றீங்கன்னு ஒரு நாளு பின்னாடி கூப்ட்டா, அப்புறம் இன்னாத்துக்கு லோகுவ அவ்ளோ பேச்சு பேசுனேன்?"

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். மூச்சை இழுத்தாள். பாலத்தடியில் மார்க்கெட் இரைச்சலுக்கு மேல் கூவி விற்ற தொண்டை அது.

"அடுத்தது!"

அவள் வாசலும் ஆறு மூட்டையும் எட்டாம் மாடிக்குப் போய் உட்கார்ந்தன, மற்றவையெல்லாம் ஒவ்வொரு படி இறங்கின. அவள் குடத்தோடு எட்டு மாடியும் நடந்து ஏறினாள். ஏழாவது மாடியில், சங்கிலி சுற்றிய கண்ணாடிக் கதவின் முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மேனேஜர் சிவராமன் உட்கார்ந்திருந்தார். உள்ளே சரக்கு இருப்பதால் யாராவது காவல் இருக்க வேண்டும் என்று தலைமை அலுவலகம் அவரையே உட்காரவைத்திருந்தது. அவள் தாண்டிப் போகும்போது அவர் கேட்டார்.

"இன்னும் எத்தனை வாரம்?"

"ஏழு."

"நிச்சயமா எங்க முறை வருமா? நடுவுல யாரும் பூந்துட மாட்டாங்களே?"

தேசராணி நின்றாள். குடத்தை இறக்கிவைத்துவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"வரும். முன்னாடி நிக்கிறவன் எடத்தப் பின்னாடி நிக்கிறவன்தான் பாத்துக்கணும், அது எங்க வழக்கம். ஒனக்குப் பின்னாடி நிக்கிறது நானு. ஒருத்தனும் ஒன் எடத்துல கால் வைக்க மாட்டான், நான் பாத்துக்கறேன். அதுக்குள்ள பூட்ட அவுத்துக்க, ஏழு நாளு நல்லா வித்துக்க. எட்டாவது நாளு காலையில கூப்புடு. கூப்புடலன்னு வையி..." என்று மேல்மாடியைக் கையால் காட்டினாள், "ஒன் தலைக்கு மேலதான் நான் ஒக்காந்துகினு இருக்கேன்."

மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். அவளுடைய குடத்தைத் தூக்கிக்கொண்டு எட்டாவது மாடிக்கு அவள் பின்னாலேயே ஏறினார்.